கூட்டமும் ஊதியமும்

நாமக்கல்லை அடுத்த புதன்சந்தையில் மாட்டுச் சந்தை கூடும். அங்கு மாடுகளைச் சுற்றிப் பார்ப்போர் பலர். விலை பேசி வாங்குவோர் சிலரே. பார்ப்போர் தொகையை எண்ணி மகிழும் வணிகன் வெறுங்கையுடன் வீடு திரும்புவான். இவ்வுண்மை இணைய வணிகத்திற்கும் பொருந்தும்.

செய்தி, மின்னஞ்சல் முதலிய பலவற்றை ஓரிடத்தில் அளிக்கும் இணையதளத்தை வலைவாசல் என்பர். 1999 நவம்பரில், சென்னையைச் சார்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், 'இந்தியாவேர்ல்டு' வலைவாசலை 499 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பட்டது. வருவோர் பெருகின் வருவாயும் தானே பெருகும் என்பது அந்நாளைய நம்பிக்கை. ஆனால், வந்தோருள் மிகப் பலர் பொருள் கொடாமலே பார்த்துச் சென்றனர். விளம்பர வருவாயோ பல நிறுவனங்களின் செலவுக்கு ஈடாகவில்லை. 2000 மார்ச்சில் 5,000-ஐக் கடந்த அமெரிக்க நாஸ்டாக் பங்குக் குறியீடு, 2002 அக்டோபரில் ஏறத்தாழ 1,100 ஆகச் சரிந்தது. வலைவாசல் வணிகமே வீண் என மக்கள் ஐயுற்றனர்.

அந்த ஐயம் முற்றும் சரியன்று. முருகவேல் ஜானகிராமன் 1997-இல் தமிழர்க்கென ஒரு வலைவாசல் தொடங்கினார். அதன் மணமக்கள் பகுதியே மக்களை மிகுதியும் ஈர்த்தது. அதனைத் தனி வணிகமாக்கிக் கட்டணமும் பெற்றார். அந்நிறுவனம் 2017-இல் இந்தியப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

ஆகவே, மாணவர்களே, ஒரு வணிகத்தை மதிப்பிடுங்கால், 'எத்தனை பேர் வருகின்றனர்?' என்பதோடு நில்லாது, 'யார், எதற்காகப் பொருள் தருகின்றனர்?' என்றும் வினவுதல் வேண்டும்.