நான்கு சுவர்களுக்கு வெளியே

உள்ளத்தின் துயரைப் பிறரிடம் எடுத்துரைப்பது எளிதன்று. மூடிய அறையில் எதிரெதிரே அமர்ந்து பேச நா எழாத ஒருவர், மரநிழலில் இணைந்து நடக்கையில் தாமாகவே வாய் திறப்பதுண்டு. கண்ணோடு கண் நோக்க வேண்டிய கட்டாயம் அங்கில்லை. இடையே மௌனம் நேரினும் அது உறுத்துவதில்லை. இதனை உணர்ந்தே மேலைநாட்டு உளநல ஆலோசகர் சிலர் பூங்காக்களையும் கடற்கரைகளையும் தம் ஆலோசனைக் கூடமாக்கிக் கொண்டுள்ளனர். 2020-இல் கொரோனாத் தொற்று அறைக் கதவுகளை அடைத்தபோது, பிரித்தானிய உளவியல் கழகம் இம்முறைக்கென வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டது.

முறை புதியதன்று. 1910 ஆகஸ்டில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில், இசைமேதை குஸ்தாவ் மாலர் உளப்பகுப்பாய்வின் தந்தையான சிக்மண்ட் பிராய்டைச் சந்தித்தார். துணைவியார் அல்மாவோடு ஏற்பட்ட மனவேற்றுமை அவரை வாட்டிக்கொண்டிருந்தது. இருவரும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நகர வீதிகளில் உலவியவாறே பேசினர். மாலர் மறு ஆண்டே காலமானார். ஆனால் அன்று பேசியது அவரோடு மறைந்துவிடவில்லை. 1935-இல் தம் மாணவர் தியோடர் ரைக் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இல்லறப் பிணக்கைப் பிராய்டே குறிப்பிட்டார். அல்மா அப்போது உயிரோடிருந்தார். 1964 வரை வாழ்ந்தார். வழிப்போக்கர் எவரும் ஒட்டுக்கேட்டு வெளியிடவில்லை. நம்பிக் கூறப்பெற்றவரே வெளியிட்டார்! இரகசியத்தைக் காப்பது சுவரன்று, மனிதரே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகவே, சுவரில்லாத இடத்தில் ஆலோசகரின் பொறுப்பு இரட்டிப்பாகின்றது.

முதலாவது, முன் உடன்பாடு. எந்த வழியே செல்வது, எவ்வளவு நேரம், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, கழிப்பிடம் எங்குள்ளது என்பவற்றை முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும். வெளியே வர மறுக்கவும், இடைவழியில் திரும்பவும் நாடி வந்தவருக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாவது, எதிர்ப்படும் அறிமுகமானவர். “உடன் வருபவர் யார்?” என்று ஒருவர் வினவினால் என்ன விடை கூறுவது? அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் நாடி வந்தவரே. ஆலோசகர் முந்திக்கொண்டு தம்மை அறிமுகம் செய்துகொள்ளலாகாது. பிறர் அருகே வருகையில் பேச்சை நிறுத்திக் காத்திருத்தலே முறை.

மூன்றாவது, பாதுகாப்பு. வழியை ஆலோசகர் முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும். நாடி வந்தவருக்கு மூட்டுவலியோ ஆஸ்துமாவோ உண்டா, தேனீ கொட்டினால் ஒவ்வாமை நேருமா என்பவற்றையும் கேட்டறிதல் நன்று. நடையின் வேகத்தை வலுக்குறைந்தவரே வகுக்கட்டும். வன்முறைக்கு ஆளான ஒருவருக்குத் தனித்த காட்டுப்பாதை ஆறுதலளிக்காது; அச்சமே தரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையவரை ஆழ்நீர்க் கரைக்கு அழைத்துச் செல்வது பெரும் பேதைமை. இத்தகையோருக்கு அறையே ஏற்றதாகலாம்.

நான்காவது, எல்லை. சேர்ந்து நடப்பது நட்பைப் போன்றே தோன்றும். பேச்சு நீண்டு, தேநீர்க் கடையில் முடிந்து, ஆலோசகர் தம் சொந்தக் கதையைக் கூறத் தொடங்கினால், உதவி தேடி வந்தவர் கேட்பவராகிவிடுவார். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அறையில் போலவே வெளியிலும் காக்கப்பட வேண்டும். தம் பணியை அனுபவமிக்க மற்றோர் ஆலோசகரிடம் அவ்வப்போது ஆராய்வதும் இன்றியமையாதது.

இவற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. நம் இல்லத்தார் எவரேனும் இத்தகைய உதவியை நாடினால், மேற்கூறியவற்றை ஆலோசகரிடம் தயங்காது கேட்கச் சொல்வோம். நமக்குத் தெரிந்த ஒருவர் மற்றொருவரோடு தலைகுனிந்து பேசிச் செல்வதைக் கண்டால், வழிமறித்து வினவாமல், பின்னர் அதைப் பற்றி எவரிடமும் பேசாமல் விலகிச் செல்வோம். அவர் இழந்த நான்கு சுவர்களில் ஒன்றையாவது நாம் எழுப்பித் தந்தவராவோம்.