மரம் நடும் தினமும் மழைப் பருவமும்

மரம் வளர்ப்பதற்கென ஒரு தினத்தைக் குறித்துக் கொண்டாடும் வழக்கம் இந்தியாவில் புதியதன்று. 1950-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மத்திய சர்க்காரின் உணவு, விவசாய மந்திரியாயிருந்த ஸ்ரீ கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 1972-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐக்கிய நாடுகளின் மகாநாட்டின் பயனாக, 1973 முதல் ஜூன் 5-ந் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது. இவ்விரு வைபவங்களிலும் கன்று நடுதலே முக்கியச் சடங்கு. ஆனால் நட்ட கன்று பிழைப்பது பருவத்தைப் பொறுத்ததாகும்.

தென்மேற்குப் பருவமழை பெறும் பிரதேசங்களுக்கு ஜூலை ஏற்ற மாதமே. விம்கோ நகர் முதல் எண்ணூர், மீஞ்சூர் வரையுள்ள கடற்கரைக்கோ வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் பெய்கிறது. வைகாசியிலும் ஆனியிலும் நட்ட கன்றுக்குக் கிணற்று நீரே கதி. மீஞ்சூர்ப் பக்கத்திலோ நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்ததனால் கடல்நீர் உட்புகுந்து, பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. அந்நீரை ஊற்றினால் இளங்கன்று கருகும்.

ஆகையால் குடியானவர்கள் ஜூன் தினத்தைக் குழி தோண்டும் தினமாகக் கொள்வது நலம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை வெட்டி வெயிலில் ஆறவிட வேண்டும். புரட்டாசியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஐப்பசியில் மண் நன்கு நனைந்தபின் நடலாம்.

உப்புக் காற்று வீசுமிடங்களுக்குப் புன்னையும் பூவரசும் உகந்தவை. சற்று உள்ளே தள்ளிய நிலங்களில் வேம்பும் புங்கமும் நன்கு வளரும். விம்கோ நகர், 1923-இல் ஸ்தாபிதமான தீப்பெட்டிக் கம்பெனியினால் பெயர் பெற்ற ஊர். தீக்குச்சிக்கு உதவும் பெருமரத்தை வரப்போரங்களில் வளர்ப்பவர்க்குப் பின்னால் வருமானமும் உண்டு. ஆயினும் தண்ணீர் தேங்கும் நிலம் அதற்கு ஆகாது.

நட்டவுடன் ஆடுமாடு அணுகாதபடி முள்வேலியிட வேண்டும். தை பிறந்ததும் கன்றின் அடியில் சருகு பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

புறம்போக்கில் நடும்போது எல்லைக் கற்களையும் வாய்க்கால்களையும் மறைக்காதபடி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ளவேண்டும். நட்ட கன்றுகளின் தொகையை மட்டும் பதிவு செய்வதில் பயனில்லை. மறுவருஷம் ஜூன் 5-ந் தேதி உயிரோடிருப்பவற்றை எண்ணி எழுதி, பட்டுப்போன இடங்களுக்கு அன்றே மறு குழி வெட்டச் செய்வதே அத்தினத்தை முறைப்படி கொண்டாடுவதாகும்.