கரிசல் மண்ணில் பழைய ஜீப்: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முறை



பந்தல்குடி பக்கத்துக் கிராமங்களுக்கு இன்னும் பழைய ஜீப்பிலா போகிறீர்கள், அதை யார் பழுதுபார்க்கிறார்கள் என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. தங்கள் வீட்டுத் தொழுவத்தில் தகப்பனார் காலத்து ஜீப் ஒன்று நிற்கிறது, அதை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று ஆலோசனை கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் பந்தல்குடி இருக்கிறது. அந்தச் சாலையில் எந்தக் காரும் சுகமாகப் போகும். சாலையை விட்டு இறங்கிக் காட்டுப்பாதையில் இரண்டு மைல் போனால்தான் விஷயம் தெரியும். சித்திரை வைகாசியில் கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வண்டித்தடத்துப் புழுதி மாவுபோல் எழும்பும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்துவிட்டால் அதே மண் உப்பிப் பசையாகிவிடும். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் டயரின் வரிப்பள்ளங்கள் அடைபட்டு, வழுவழுப்பான உருளையாகிவிடும். 2008-ம் ஆண்டில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் வந்த பிறகு, முன்புபோல் எல்லா நோயாளிகளுக்கும் ஜீப்பை அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. அதற்காக நன்றியுள்ளவர்களாயிருக்கிறோம். ஆனால் ஈரக் கரிசலில் காட்டுவீட்டிலிருந்து தார்ச்சாலை வரையுள்ள அந்த இரண்டு மைல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பிரசவ வலியெடுத்த பெண்ணையோ பாம்பு கடித்த பிள்ளையையோ அந்தத் தூரம் கொண்டுவர, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று கிளம்பும் நிலையில் இருக்க வேண்டும்.

இந்த வண்டியின் பூர்வீகம் சுருக்கமாக: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. சுதந்திரம் கிடைத்த காலத்தையொட்டி மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். முதலில் பெட்ரோல் எஞ்சின், பிறகு டீசல். 1979-ல் பிரான்ஸ் நாட்டு பூஷோ நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த 2112 சி.சி. டீசல் எஞ்சின், எம்.எம். 540 என்ற ஜீப்பில் வந்தது. நம் பக்கத்தில் இன்றும் கண்ணில் படும் பழைய ஜீப்புகளில் பல அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒரு ஸ்பேனர் செட்டும் கிரீஸ் கன்னும் பொறுமையும் உள்ளவர் பாதி வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

முதல் எதிரி புழுதி. இதைத்தான் அநேகர் கவனிப்பதில்லை. ஆயிலை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். ஏர் ஃபில்டரைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஏர் ஃபில்டர் ஆயில் தொட்டி வகையைச் சேர்ந்தது. உள்ளே போகும் காற்று தொட்டியிலுள்ள ஆயிலை உரசித் திரும்பும்போது கனமான புழுதி ஆயிலில் விழுந்துவிடும். மிச்சத்தைக் கம்பி வலை பிடித்துக்கொள்ளும். தொட்டியில் சேறு கட்டிவிட்டால் புழுதி நேராக எஞ்சினுக்குள் போய் சிலிண்டரையும் ரிங்கையும் அரைத்துவிடும். புகை அடிக்கிறது, ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை என்று பின்னால் வரும் புகார்களுக்கெல்லாம் பல நேரங்களில் ஆரம்பம் இதுதான். கோடையில் காட்டுப்பாதையில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை தொட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடியில் சேறு தட்டினால் பழைய ஆயிலைக் கொட்டி, தொட்டியைச் சுரண்டி, வலையை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ அலசி, நன்றாக வடியவிட்டு, புது எஞ்சின் ஆயிலைக் குறியளவு ஊற்ற வேண்டும்.

குறியளவு என்பதை அழுத்திச் சொல்கிறோம். கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே என்று நினைப்பது ஆபத்து. கூடுதலான ஆயிலை எஞ்சின் காற்றோடு உறிஞ்சிக்கொண்டால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கித் தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, டீசலை நிறுத்தினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை விட்டு அடக்க வேண்டும். அல்லது காற்று போகும் வாயைக் கனமான பலகையால் மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. காகித ஃபில்டர் வைத்த வண்டியானால் அதைக் கழுவாதீர்கள். மெல்லத் தட்டி, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த காற்றில் ஊதி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காலம் கடந்ததை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது டீசல். கேனில் வாங்கி வைத்து ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. தண்ணீரும் தூசியும் அதில்தான் சேர்கின்றன. டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் அடியில் முத்துமுத்தாக நிற்கும். டேங்க் காலியாகி வண்டி நின்றாலும், ஃபில்டர் மாற்றினாலும் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் திருகை இறுக்கினால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களில் அழுத்தம் மிக அதிகம். எஞ்சின் ஓடும்போது எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாத்திரம் தெரியும். முதலில் வலியும் அதிகம் இருக்காது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் விரலை இழக்க நேரலாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "டீசல் உள்ளே ஏறியிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

ரேடியேட்டருக்கு நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுவது நல்லதல்ல. பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். பந்தல்குடியைச் சுற்றிச் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! தண்ணீர் காய்ச்சும் பானையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் அடைக்கிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதே முறை. வழியில்லாதபோது, சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர். கூலண்டு இனிக்கும், ஆனால் விஷம். பிள்ளைகள் கைக்கும் நாய் வாய்க்கும் எட்டாமல் வையுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களைப் பற்றி எழுதத் தேவையில்லை.

மழைக்காலத்து வேலை வேறு மாதிரி. கரிசல் சேறு காய்ந்தால் சிமெண்டுபோல் இறுகிவிடும். ஆகவே வண்டி வீடு வந்த அன்றே, ஈரம் காய்வதற்கு முன், அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். சேஸிஸ் மடிப்பிலும் தரைத்தகட்டின் மூலையிலும் ஒட்டிய சேறு மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருந்து தகட்டைத் தின்றுவிடும். கழுவிய பிறகு கிரீஸ் அடிக்க வேண்டும்: பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள்களிலும், ஸ்டியரிங் ராடுகளிலும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்களிலும், நிப்பிள் இருக்கும் இடமெல்லாம், பழைய அழுக்கு கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை. கியர் போட்டு கிளட்சை விடும்போது அடியில் "டக்" என்று சத்தம் வந்தால் கிராஸைச் சந்தேகியுங்கள். ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கண்மாய் மறுகால் பாயும் இடத்தில் இறங்கி ஏறினால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் பிடிக்காது. கரையேறியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்திக் காய வைக்க வேண்டும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. ஓடிச் சூடேறிய ஆக்ஸில் திடீரென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ஆக்ஸிலின் மேலுள்ள சிறு மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நாள் கழித்து அடித் திருகைத் தளர்த்திப் பாருங்கள். கியர் ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். மூச்சுத்துளையைச் சுத்தம் செய்வது இரண்டு நிமிட வேலை. விட்டால் பேரிங்கும் பல்சக்கரமும் போகும்.

இனி முள். சீமைக்கருவேல் வளர்ந்த இந்தச் சீமையில் பஞ்சர் இல்லாத வாரம் இல்லை. ட்யூபை ஒட்டுவதோடு நிறுத்தாமல், டயரின் உட்புறத்தை மடித்த துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஒடிந்த முள்முனை துணியில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் மறுநாளே அதே இடத்தில் காற்று இறங்கும்.

பஞ்சர் பார்ப்பதில் உயிருக்கே ஆபத்தான ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மாத்திரம் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். வில்லிஸ் வழிவந்த பல பழைய ஜீப்புகளில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றாலும், பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியதும் அது தரையை விட்டு விடுபட்டுச் சுழல முடிகிறது. டிஃபரன்ஷியலின் தன்மை அப்படி: ஒரு சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையிலுள்ள மற்றது எதிர்ப்பக்கம் உருளும். கைபிரேக் போட்டிருக்கிறோம், கியரிலும் விட்டிருக்கிறோம் என்று நம்பி அடியில் படுத்திருக்கும்போதே வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழுந்துவிடலாம். ஆகவே தூக்குவதற்கு முன் தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுங்கள். கரிசலில் ஜாக்கி நேராக நிற்காது, அமிழ்ந்து சாயும். அகலமான கனத்த பலகை ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே நுழையுங்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதை அநேக வீடுகளில் பார்க்கிறோம். செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

முன்சக்கர இழுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்கும். சேற்றில் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் முடியாது. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறும். அதற்காக வருஷம் முழுவதும் தொடாமலும் விடாதீர்கள். மாதம் ஒருமுறை மண்பாதையில் போட்டுக் கொஞ்சதூரம் ஓட்டினால் லீவர் இறுகிப்போகாது.

வீட்டில் தொடக் கூடாதவையும் உண்டு. டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் அதற்கென்றே சோதனை மேசை வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிரேக்கை நீங்கள் பிரிக்கலாம், ஆனால் பூட்டிய பிறகு அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் ஓட்டிப் பார்க்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஒரு சொட்டு ஊற்றினாலும் ரப்பர் கப்புகள் உப்பி பிரேக்கே போய்விடும். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் வாயால் ஊதாமல், காற்றும் அடிக்காமல், ஈரத்துணியால் துடையுங்கள். உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. விலை மலிவென்று போலி கிராஸையும் பேரிங்கையும் வாங்கினால் அதே வேலையை மறுமழைக்குள் திரும்பச் செய்வீர்கள்.

விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு: சேஸிஸ் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் விற்றுவிடுங்கள், அதில் பணம் போடாதீர்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சேஸிஸ் நன்றாயிருந்தால் மற்றவை யாவும் மாற்றக்கூடியவையே. 15 வருஷம் கடந்த வண்டியெல்லாம் உடைக்கப்படும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு ரத்தானது அரசு வண்டிகளுக்குத்தான். சொந்த உபயோக வண்டியை 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டித் தகுதி பெற்று, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் கார், ஜீப் வகைக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் கடந்தவற்றுக்கு 10,000 ரூபாயாக்கினார்கள். விண்ணப்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு, ஹாரன், வைப்பர், பிரேக் நான்கையும் முந்தின வாரமே சரிபார்த்துக்கொண்டு போவது நல்லது.