மழைக்காலமும் மட்கார்டும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால், சென்னை வீதிகளில் ஒரு விநோதக் காட்சியைக் காணலாம். சைக்கிளில் ஒரு வாலிபர் போய்க்கொண்டிருப்பார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், இடுப்பிலிருந்து கழுத்து வரையில், சேற்றினால் ஒற்றை நாமம் இட்டதுபோல் ஒரு நீண்ட கோடு காணப்படும். மழை நின்று அரை மணி ஆகியிருக்கும். வருண பகவான் மீது குற்றமில்லை; வாலிபர் ஏறியிருக்கும் சைக்கிளேதான் அவருக்கு இந்த அபிஷேகத்தைச் செய்துவைத்தது. அதன் சக்கரங்களின் மேல் மட்கார்டு இல்லை.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமன்று. நமது நாட்டில் சைக்கிள் என்பது பெரும்பாலும் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டதல்ல. தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளி, பால் கொண்டுவருபவர், பத்திரிகை போடும் பையன், பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை ஆகிய இவர்களுடைய வாகனம் அது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டு நாட்டையே வியக்க வைத்தார்கள். அரசாங்கப் பள்ளிகளில் மேல் வகுப்புக்கு வரும் மாணவ மாணவிகளுக்குத் தமிழ்நாட்டு அரசாங்கமே சைக்கிள் வழங்கும் திட்டமும் பல ஆண்டுகளாக உண்டு. மூன்று மைல் தூரம் சைக்கிளில் வந்த பெண், சேறு படிந்த சீருடையுடன் வகுப்பில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், மறுநாள் மழையில் அவள் வீட்டிலேயே தங்கிவிட நினைப்பதில் ஆச்சரியமென்ன? சென்னையில் ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. பள்ளிக்கூடங்களின் அரைப் பரீட்சையும் அந்த மாதங்களில்தான் வருகிறது.

நமது தாத்தாக்கள் காலத்துக் கறுப்பு சைக்கிளை நினைத்துப் பார்ப்போம். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்டி அது. ஓயாமல் தூறிக்கொண்டிருக்கும் தேசத்தில் உருவானதனால், அதற்கு முன்னும் பின்னும் நீண்ட இரும்பு மட்கார்டு உண்டு. செயினை முழுவதும் மூடிய பெட்டி உண்டு. பின் மட்கார்டின் அடிப்பாகத்தில் வெள்ளை வர்ணம் பூசி, மேலே சிவப்புக் கண்ணாடி ஒன்றும் பதித்திருப்பார்கள். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1951-ல் சோனேபட்டிலும் 1956-ல் லூதியானாவிலும் நமது நாட்டவரின் பெரிய தொழிற்சாலைகள் தோன்றின. அந்நிய வண்டியை எதிர்பார்த்து நின்ற காலம் போயிற்று. நம்மவர்கள் செய்த வண்டிகளும் அந்தப் பழைய அமைப்பையே வெகுகாலம் கைக்கொண்டன. அது நமது மழைக்கும் சேற்றுக்கும் பொருத்தமாகவே இருந்தது.

பிறகு வந்தது நாகரிகம். பந்தயத்தில் ஓட்டும் வண்டிக்கும் மலைச்சரிவில் ஓட்டும் வண்டிக்கும் மட்கார்டு கிடையாது. அவற்றின் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மாதிரி வண்டியே வேண்டுமென்று நமது இளைஞர்கள் கேட்கிறார்கள். பந்தயக்காரருக்கு வீட்டில் சட்டை துவைத்துக் கொடுக்க யாரோ இருக்கிறார்கள் போலும்! சுயராஜ்யம் பெற்றுச் சொந்தமாகச் சைக்கிள் செய்யக் கற்றுக்கொண்ட நாம், நமது ஊர் மழையை மறந்து, பிறர் விளையாட்டுக்காகச் செய்த வண்டியைப் பார்த்துக் காப்பியடிப்பானேன்?

மட்கார்டு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது எளிது. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. உச்சியில் உள்ள இடமோ வண்டியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. டயரில் ஒட்டிக்கொண்ட நீர் பாதி வழியில் பிய்த்துக்கொண்டு சிதறுகிறது. பின் சக்கரத்தின் நீர் முதுகுக்கு வரும். முன் சக்கரத்தின் நீரில் ஒரு பகுதி மேலே எழும்பி முன்னால் விழ, நாமே போய் அதற்குள் முகத்தைக் கொடுக்கிறோம். மீதி, கீழ்நோக்கிப் பின்புறமாகத் தெறித்து, பாதங்களையும் பெடலையும் செயினையும் குளிப்பாட்டுகிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. பின்னால் ஒரு மட்கார்டு மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறார்கள். உண்மையில், வண்டிக்கு அதிகக் கேடு செய்வது முன் சக்கரத்துச் சேறு. மணலும் நீரும் கலந்த அந்தக் குழம்பு செயினில் ஏறினால், அரம் போட்டு அராவியதுபோல் அதைத் தேய்த்துவிடும்.

ஆகையால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது முன் மட்கார்டின் கீழ் நுனி. அது தரைக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவுக்கு நல்லது. ஆனால் இரும்பையே அவ்வளவு தாழ்த்தினால், வேகத்தடையிலும் நடைபாதை விளிம்பிலும் இடித்து வளைந்துவிடும். பழைய வண்டிகளில் இதற்காகவே நுனியில் ஒரு தோல் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். நாமும் அதைச் செய்துகொள்ளலாம். பழைய லாரி டியூபிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மட்கார்டின் நுனியில் இரண்டு துளையிட்டுச் சிறு போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டியதுதான். துண்டின் அடி, தரைக்கு நாலு அங்குலம் மேலே நிற்கட்டும். மூலையில் உள்ள சைக்கிள் கடைக்காரர் கால் மணியில் செய்து கொடுத்துவிடுவார். முழுச் சைக்கிளிலும் இதைவிட மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை வேறொன்றும் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

அகலமும் முக்கியம். டயரைவிட மட்கார்டு இருபுறமும் சிறிதேனும் அகன்றிருக்க வேண்டும். டயரின் அகலமே அதற்கும் இருந்தால் பக்கவாட்டில் நீர் தெறிப்பது நிற்காது. இரும்பு மட்கார்டு உறுதியானது, வளைந்தால் நிமிர்த்தலாம், ஆனால் உள்பக்கத்து வர்ணம் உரிந்த இடத்தில் துருப்பிடித்து, ஒரு நாள் பிஸ்கட்டைப்போல் உதிரும். மழைக்காலத்துக்கு முன் உள்பக்கத்தைத் துடைத்து வர்ணமோ, சிறிது கிரீஸோ தடவினால் ஆயுள் கூடும். பிளாஸ்டிக் இலேசானது, துருப்பிடிக்காது; ஆனால் வெயிலில் காய்ந்து காய்ந்து வெடிக்கும். இரண்டு பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே அலுமினியத் தகடு வைத்துச் செய்யும் மட்கார்டும் உண்டு. ஜெர்மனியில் இவ்வகை வெகுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. விலை சற்று அதிகந்தான். ஸீட்டுக்குக் கீழே வாத்தின் வாலைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை: அது ஸீட்டை மட்டும் காப்பாற்றும். பின்னால் வரும் சைக்கிள்காரர் முகத்தையோ, உங்கள் செயினையோ காப்பாற்றாது.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம்? தார் ரோட்டுக்கு ஒரு விரல் நுழைந்தால் போதும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் இந்தக் கணக்குச் செல்லாது. மழையில் நனைந்த கரிசல், டயரில் அடைபோல் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்குள் புகுந்து இறுகி, பத்து கஜத்தில் சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்பால் மனிதர் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியதுதான். அப்பக்கத்துச் சம்சாரிகளில், மட்கார்டைக் கழற்றிவிட்டவனே புத்திசாலி என்று யாராவது சொன்னால், அவரோடு நாம் வாதாடமாட்டோம். ரோட்டிலும் காட்டிலும் மாறி மாறிச் செல்லுகிறவர்கள், இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தாங்கு கம்பிகளை அமைத்து, மண்ணைக் குத்தித் தள்ள ஒரு குச்சியைக் கேரியரில் செருகி வைத்துக்கொள்வது நலம்.

தாங்கு கம்பிகள் என்றோமே, அவற்றில்தான் உயிருக்கே ஆபத்து விளையக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. முன் மட்கார்டின் கம்பி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தால், வழியில் கிடக்கும் ஒரு சுள்ளி டயரோடு ஒட்டி மேலேறி, மட்கார்டுக்குள் சிக்கலாம். சக்கரம் சுழல, மட்கார்டு சுருண்டு உள்ளே இழுக்கப்படும். முன் சக்கரம் ஒரே கணத்தில் நிற்க, ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார். இதைத் தடுக்க, இழுப்பு ஏற்பட்டதும் கம்பி தானே கழன்றுகொள்ளும்படியான பூட்டுகள் சில மட்கார்டுகளில் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால், மாதம் ஒரு முறை ஸ்பானர் எடுத்து நட்டுகளை முடுக்குங்கள். ஓடும்போது மட்கார்டு கடகடவென்று சத்தமிட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஏதோ ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது.

இனி, ஈரத்தில் சவாரி செய்வதைப் பற்றி. மட்கார்டு துணியைக் காப்பாற்றும். பிரேக்கை நனையாமல் காப்பாற்ற அதனால் முழுதும் முடியாது. நமது பழைய வண்டிகளின் பளபளப்பான இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால், ரப்பர் கட்டைக்கும் அதற்கும் உள்ள பிடிப்பு பயங்கரமாகக் குறைந்துவிடுகிறது. உலர்ந்த ரிம்மில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்காகக்கூட அது இறங்கிவிடும் என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். அலுமினிய ரிம் இவ்வளவு மோசமில்லை. டிஸ்க் பிரேக் அதனினும் மேல். இரும்பு ரிம் உள்ளவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்னதாகவே பிரேக்கை இலேசாக அழுத்திச் சக்கரம் சில சுற்றுச் சுழலவிட்டால், கட்டையே ரிம்மைத் துடைத்துவிடும். அதன் பிறகுதான் பிடிப்புக் கிடைக்கும். பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் சாமர்த்தியத்தை மழைநாளில் மூட்டைகட்டி வைத்துவிடுங்கள்.

வெகுநாள் காய்ந்த சாலையில் பெய்யும் முதல் மழை பெருமழையைவிடப் பொல்லாதது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். சாக்கடை மூடியின் இரும்பு, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, ஈரமான உதிரிலை ஆகிய இவற்றின் மேல் வண்டியைத் திருப்பவும் கூடாது, பிரேக் போடவும் கூடாது. நேராகக் கடந்துவிட வேண்டும். தேங்கிய நீரின் ஆழம் யாருக்குத் தெரியும்? மூடியில்லாத சாக்கடைக் குழியும் அதற்குள் இருக்கலாம், அறுந்து விழுந்த மின்சாரக் கம்பியும் இருக்கலாம். சுரங்கப் பாதையில் நீர் நின்றால், வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் போவது கோழைத்தனமாகாது.

ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிள் விடும் வித்தையில் நம்மவர்கள் வல்லவர்கள். பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது! ஆனால் அப்போது கைக்கு எட்டுவது ஒரே ஒரு பிரேக்; அதுவும் நனைந்த பிரேக். எதிர்க்காற்று ஒன்று அடித்தால் குடை பாய்மரமாகிவிடும். மழைக்கோட்டு அணிவதே உத்தமம். மேலிருந்து வரும் நீரைக் கோட்டும், கீழிருந்து வரும் நீரை மட்கார்டும் தடுக்கும். பின்னது இல்லாதபோது முன்னதால் பாதிப் பயன்தான்.

பெண்கள் ஓட்டும் வண்டியில் பின் சக்கரத்தின் இருபுறமும் வலை கட்டாயம் இருக்க வேண்டும். நனைந்த புடவைத் தலைப்பும் தாவணியும் கனத்துத் தொங்கிச் சக்கரத்தை நாடும். பின்னால் குழந்தையை உட்காரவைத்துச் செல்லும் தாய்மார்களுக்கு, குழந்தையின் கால் விரல்களைக் காப்பதும் அதே வலைதான்.

வீடு வந்து சேர்ந்ததும் வண்டியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுக் காபிக்குப் போகாதீர்கள். பழந்துணியால் செயினையும் ரிம்மையும் ஒரு முறை துடையுங்கள். செயின் காய்ந்த பிறகு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. மட்கார்டின் உள்பக்கம் ஒட்டிய சேற்றை, ஈரம் காய்வதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும். காய்ந்தபின் அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆகும், கூடவே வர்ணமும் வந்துவிடும்.