பாட்டிக்கு ஒரு மூன்று நிமிடப் படம்

சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குவதற்கு முன்னால் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1948-இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் இப்படி ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துத் தள்ளியது. அணைக்கட்டு, அம்மைத் தடுப்பு, சிறு குடும்பம் என்று எதுவானாலும் கனத்த குரலில் ஒருவர் சொல்லிக்கொண்டே போவார். அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் முறுக்கு வாங்க வெளியே போவார்கள் என்று அப்பா சொல்லுவார். அந்த நிறுவனம் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. படம் காட்டி ஒருவர் மனத்தை மாற்ற முடியுமா என்று அதன் படங்கள் எழுப்பிய கேள்விக்கு இன்றைக்கும் கல்லூரிகளில் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் தில்லியில் மாஸ் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பில் இறுதியாண்டு மாணவி. இந்த ஆண்டு எங்களுக்குத் தரப்பட்ட வேலை இது: நீங்கள் உண்மையாகவே நம்புகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்காத ஒருவரை, உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரை, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக மூன்று நிமிட வீடியோ எடுங்கள். எடுத்ததை அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சொல்வதை அப்படியே எழுதிக் கொண்டுவாருங்கள். செல்போனில் எடுத்தால் போதும், காமிரா வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

வகுப்பில் பலரும் அப்பாவையோ மாமாவையோ குறிவைத்தார்கள். பட்டாசு வேண்டாம் என்றான் ஒருவன். வரதட்சிணை வாங்கித்தான் கல்யாணம் என்றால் கல்யாணமே வேண்டாம் என்றாள் ஒருத்தி. கடவுள் இல்லை என்று எடுக்கப்போவதாகச் சொன்ன பையன் மட்டும் கடைசி வாரத்தில் தலைப்பை மாற்றிக்கொண்டான். வீட்டில் போட்டுக் காட்டவேண்டும் என்ற நிபந்தனைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது கண் தானம். யாருக்காக என்றால், எங்களோடு தில்லியில் இருக்கும் அப்பாவின் அம்மாவுக்காக. பாட்டியின் கட்சி எளிமையானது. கண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்க வேண்டியிருக்கும். இது பாட்டிக்கு மட்டும் உள்ள எண்ணமல்ல. இந்தியா முழுவதும் கண் வங்கிக்காரர்கள் அன்றாடம் கேட்கிற பதில்களில் இதுவும் ஒன்று.

பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தருவது அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகள்: பேசுகிறவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம். இதற்கு மேல் எனக்குப் பயன்பட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆராய்ச்சி ஒன்று. அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போரின் நியாயத்தை விளக்குவதற்காக ஹாலிவுட் இயக்குநர் ஃப்ராங்க் காப்ராவின் பொறுப்பில் ஒரு படவரிசை தயாரிக்கப்பட்டது. அவற்றில் சிலவற்றைக் கார்ல் ஹாவ்லண்ட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்து, 1949-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். படம் பார்த்தவர்களுக்கு விவரங்கள் நிறையத் தெரிந்திருந்தன. ஆனால் போரிடும் ஆர்வம் கூடியதாகத் தெரியவில்லை. தகவல் போய்ச் சேர்ந்தது, மனம் அசையவில்லை.

அதே புத்தகத்தில் வேறொரு சோதனையும் உண்டு. ஒரு வானொலிப் பேச்சை இரண்டு விதமாகத் தயாரித்தார்கள். ஒன்றில் தம் கட்சி மட்டும். மற்றொன்றில் எதிர்க்கட்சியின் நியாயமும் சேர்ந்தே வந்தது. ஏற்கெனவே ஒத்த கருத்துடையவர்களிடம் முதலாவது எடுபட்டது. எதிர்க் கருத்து உடையவர்களிடம் இரண்டாவதுதான் வேலை செய்தது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நன்னூல்ல இருக்கே இது" என்றார். சங்க நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். பவணந்தி முனிவர் நூலாசிரியர்கள் கொள்ளக்கூடிய ஏழு வகை மதங்களைச் சொல்கிறார். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர் அதைக் களைவது அவற்றில் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டு நூல்! அதற்காக எல்லாம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்ட வரவில்லை. நன்னூலார் பேசுவது நூல் எழுதுவதைப் பற்றி, ஹாவ்லண்ட் எண்ணிப் பார்த்தது கேட்டவர்களின் மனத்தை. இருந்தாலும் பாட்டியிடம் பேசப் போகிறவளுக்கு இரண்டும் ஒரே யோசனையைத்தான் சொல்லின.

ஆனால் ஏற்றுக்கொண்டு பேசுவதற்கு மொழி வேண்டுமே. இங்கேதான் திண்டாட்டம் தொடங்கியது. வகுப்பில் எல்லாரும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ படம் எடுத்தார்கள். பாட்டிக்கு இரண்டும் தெரியாது. ஆசிரியரிடம் அனுமதி பெற்றுத் தமிழில் எடுத்து, கீழே இந்தியில் எழுத்துப் போட்டேன். என் போன்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் தமிழ் எப்படிப்பட்டது என்று இதைப் படிக்கும் பெற்றோர்களுக்குத் தெரியும். சாப்பாடு கேட்கலாம், சண்டை போடலாம், தாத்தாவுக்குக் கடிதம் படித்துக் காட்டலாம். பிறவி, புண்ணியம், உடம்பு, உயிர் இவற்றையெல்லாம் பற்றிப் பெரியவர் ஒருவரோடு மரியாதை குறையாமல் மாறுபட்டுப் பேசுவதற்கு வீட்டுத் தமிழ் எட்டவில்லை. கண் வங்கி வெளியிடும் தமிழ்ச் சீட்டுகளும் உதவவில்லை. "கருவிழி" என்று போட்டிருக்கிறார்கள். "கருவிழின்னா கண்ணுல கறுப்பா இருக்கே, அதுவா?" என்று பாட்டி கேட்டாள். அதுவல்ல. கறுப்புக்கு முன்னால் மூடியிருக்கும் தெளிவான படலம் அது. கைக்கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி இருப்பது மாதிரி. படத்தில் தாத்தாவின் பழைய வாட்ச்சைக் காட்டி இதைத்தான் சொன்னேன். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றினால் முள் தெரிகிறது. கருவிழி கெட்டுப் பார்வை போனவர்களுக்கு மட்டும்தான் இந்த மாற்று அறுவைச் சிகிச்சை பயன்படும், எல்லாப் பார்வைக் குறைவுக்கும் அல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பாட்டியின் கட்சிக்குப் படத்தில் முழுதாக நாற்பது நொடி கொடுத்தேன். அவளுடைய குரலிலேயே. அதற்குப் பிறகு வந்தவர் கண்ணப்ப நாயனார். காளத்தியில் இறைவன் கண்ணில் இரத்தம் வழியக் கண்டு தன் கண்ணைப் பிடுங்கி அப்பிய வேடன். பெரியபுராணம் அவரைக் குருடராக விட்டுவிடவில்லை, இறைவனின் வலப்பக்கத்தில் நிறுத்துகிறது. பௌத்தர்களிடமும் இப்படி ஒரு கதை உண்டு. ஜாதகக் கதைகளில் வரும் சிபி மன்னன் கேட்டு வந்தவனுக்குத் தன் இரு கண்களையும் கொடுத்து, பின்னர் பார்வை திரும்பப் பெறுகிறான். இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் 1961-இல் கண் தானச் சங்கம் தொடங்கியபோது, பௌத்தர்களின் தான மரபுதான் அவருக்குத் துணையாக நின்றது. தன் தாயார் இறந்தபோது அவருடைய கருவிழியை எடுத்து வேறொருவருக்குப் பொருத்தியவர் அவர். 1964 முதல் அங்கிருந்து வெளிநாடுகளுக்கே கருவிழிகள் போயின. நம் பக்கமும் பின்தங்கியதில்லை. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான் தொடங்கியது. இங்கே தில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியக் கண் வங்கி 1965-இல் வந்தது.

படமெடுக்கும்போது மிகவும் யோசிக்க வைத்தது இசை. சுவரைத் தடவிக்கொண்டு சுவிட்சைத் தேடும் ஒரு கையை எடுத்திருந்தேன். அதன் கீழே வயலினைப் போட்டால் பார்ப்பவர் கண் கலங்குகிறது. எடுத்துவிட்டால், ஒருவர் விளக்குப் போடுகிறார், அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி, பார்ப்பவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் மாறி மாறிக் கண்டதாகக் காட்டினார் என்று படித்திருக்கிறேன். ஒட்டுகிறவன் கையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறது. அந்தக் கைக்கு உரியவர் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். சிறுவயதில் கருவிழி கெட்டுப் பார்வை இழந்தவர். எடுத்த படத்தை அவரால் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வொரு காட்சியிலும் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லி, எழுதிய வசனத்தையும் படித்துக் காட்டி ஒப்புதல் கேட்டேன். "இருட்டில் வாழ்கிறார்" என்று சொல்லலாமா என்றேன். வேண்டாம் என்றார். தான் வேலைக்குப் போவதாகவும் இரண்டு பெண்களைப் படிக்க வைப்பதாகவும், பார்வை வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வாழ்க்கை நின்றுபோகாது என்றும் சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னேன். வயலின் இல்லை. ஆசிரியர் இதற்கு மதிப்பெண் குறைத்தார், உணர்ச்சி போதவில்லையாம். எனக்கு அதில் வருத்தமில்லை. அழவைத்துப் பெறுகிற சம்மதம் சாவு வீட்டு நெருக்கடியில் எவ்வளவு தாங்கும்?

ஏனென்றால் கண் தானத்தில் கையெழுத்து மட்டும் போதாது. உறுதிமொழிப் படிவத்தில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். ஆனால் உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும், அதற்குக் கண் வங்கிக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருப்பவர். நடைமுறையில் குடும்பத்தார் இசைந்தால்தான் எடுக்கிறார்கள். ஆகவே படம் யாரை நம்பவைக்க வேண்டும்? கொடுப்பவரையா, பின்னால் நிற்பவரையா? 2021 அக்டோபர் 29-ஆம் தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் திடீரென்று காலமானபோது அவருடைய கண்கள் தானமாகத் தரப்பட்டன. கருவிழிகளைப் படலம் பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். அவருடைய தந்தை ராஜ்குமாரும் 2006-இல் கண்களைக் கொடுத்துச் சென்றவர். அதன் பிறகு கர்நாடகத்தில் கண் தானம் செய்வதாக எழுதிக்கொடுக்கக் கூட்டம் கூடியது. எந்த விளம்பரப் படமும் செய்யாததை அந்தக் குடும்பம் செய்துவிட்டது. அந்த வீட்டில் இதுபற்றி முன்னரே பேசி முடித்திருந்தார்கள்.

நம் போன்ற குடும்பங்களில் அந்த 6 மணி நேரம் எப்படிப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மகன் கோவையில், ஒரு மகள் புனேயில். ரயிலா விமானமா என்று தொலைபேசியில் பேசி முடிப்பதற்குள்ளேயே பாதி நேரம் ஓடிவிடும். எங்கள் பிளாட்டில் பகலில் பாட்டி மட்டும்தான். அப்பா அலுவலகம், அம்மா பள்ளிக்கூடம், நான் கல்லூரி. எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிதான் முதலில் ஓடிவருவார்.

படத்தைப் பாட்டி கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு முறை போடச் சொன்னாள். தன் குரல் வரும் இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டாள். கண்ணப்பர் வந்ததும் சொன்னாள்: "அவன் உசுரோட இருக்கறப்ப குடுத்தான். நான் செத்த பொறவு குடுக்கறதுல என்ன பெருமை இருக்கு?" கொஞ்ச நேரம் கழித்து, நான் எழுதிக்கொள்வதை நிறுத்தியபின், அவளாகவே கேட்டாள்: "கண்ணு இல்லாம என் மூஞ்சி எப்பிடி இருக்கும்? பெரியவன் வந்து பாக்கறப்ப பயந்துரமாட்டானா?"

கொள்ளி வைக்க வேண்டியவர் பெரியப்பா. அவர் கோவையிலிருந்து வந்து கடைசியாகப் பார்க்கும் முகம் முழுதாக இருக்க வேண்டும். இத்தனை நாள் அடுத்த பிறவியைப் பற்றிப் பேசியவள் மனத்தில் இதுவும் இருந்திருக்கிறது. பல ஆண்டுகளாக இந்தப் பேச்சு வீட்டில் வந்து போயிருக்கிறது, யாரிடமும் இதை அவள் சொன்னதில்லை. அவள் குரலுக்கு ஒதுக்கிய அந்த நாற்பது நொடிதான் இதை வரவழைத்தது என்பது என் எண்ணம். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை, வயசானால் எல்லாரும் கேட்கிற கேள்விதான் என்கிறாள்.

பாட்டிக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கலாம். இப்போது பல இடங்களில் முழுக் கண்ணை எடுப்பதில்லை, அந்தக் கண்ணாடிப் படலத்தை மட்டும் எடுக்கிறார்கள். முழுக் கண்ணை எடுத்தாலும் உள்ளே பொய்க் கண்ணோ பஞ்சோ வைத்து இமையை மூடிவிடுவதால் முகத்தில் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பணம் எதுவும் கிடையாது. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்த வேண்டும். டாக்டரின் மரணச் சான்றிதழ் தயாராக இருக்கட்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோய் உள்ளவர், புரை அறுவை செய்துகொண்டவர் எல்லாரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, இரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள்.

எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு இதையெல்லாம் இந்தியில் எழுதி, கண் வங்கியின் எண்ணோடு கொடுத்திருக்கிறோம். பாட்டி இன்னும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. "பெரியவன்கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டாள். பெரியப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பார்த்தாராம், அம்மாவின் குரல் நன்றாகப் பதிவாகியிருக்கிறதாம், மற்றதைத் தை மாதம் நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாமாம்.