புதுவிளக்கும் பழங்கம்பியும்



மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு மங்கலாய் இருக்கிறதென்று, 35 வாற்று விளக்கை அகற்றி 100 வாற்று விளக்கைத் தம் கையாலேயே பூட்டுவோர் உளர். முதல் நாள் வீதி பகல்போல் ஒளிரும். சில நாளில் பற்றரி இறங்கும், உருகி எரியும், ஓரிரவு வளைவிலே விளக்கே அணைந்துபோகும்.

காரணம் எளிது. 12 வோற்று மின்சுற்றிலே பழைய விளக்கு ஏறத்தாழ 3 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். புதியது 8 அம்பியருக்கு மேற் கொள்ளும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஆகவே அதே கம்பி முன்னையிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பத்தைத் தாங்க நேர்கிறது.

பிழை தேடுவோர், இறுதியாக மாற்றியதை முதலிற் பழையபடி ஆக்கிப் பார்த்தல் வேண்டும். பிழை நீங்கினால் காரணம் புலப்பட்டது. நீங்காவிடின் பற்றரியை அளந்து பார்க்க. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோற்று நிறைவைக் காட்டும். சற்று விரைவாக ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்றல் வேண்டும். 13ஐ எட்டாவிடின் மின்னேற்றம் போதவில்லை. 15ஐக் கடந்தால் சீராக்கி பழுது. அடுத்து, புவித்தொடுப்புக் கம்பி சட்டத்தைத் தொடுமிடத்தில் வர்ணமோ துருவோ இருப்பின் சுரண்டி அகற்றுக.

உருகி அடிக்கடி எரிகிறதென்று பெரிய உருகியை இடுதல் பெருந்தவறு. உருகி எரியாவிடின் கம்பி எரியும். அக்கம்பிக்கு மேலே இருப்பது பெற்றோல் தாங்கி!

பேரொளி வேண்டுவோர் தடித்த கம்பியும் தனி உருகியும் ரிலேயும் பொருத்துக. எனினும் மின்பிறப்பாக்கி தருவதற்கு மேல் எவரும் செலவிட முடியாது. வரவறிந்து செலவு செய்தல் இல்லத்துக்கு மட்டுமன்று, இவ்வியந்திரத்துக்கும் விதியாகும்.