தசை திறக்கும் மடை

அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் பழகிய கீரனூர்ப் பக்கத்து வாசகி ஒருவர், அறுபது பிராயத்தை நெருங்கும் தமக்குச் சர்க்கரை வியாதி கண்டிருப்பதாகவும், முப்பதுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று என்று வயதுவாரியாக விற்கும் சத்துமாவு டப்பாக்களில் எதை வாங்கலாம் என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். டப்பாவில் புரதம் இருக்கலாம். தசையைச் சுருங்கி விரியச் செய்யும் சக்தி எந்த மாவுக்கும் கிடையாது. அந்தச் சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்குமானால், அதைத் துடைத்துக் காற்றடிப்பதே முதற்காரியம்.

புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அந்த எழுத்தறிவு இயக்கத்தின் சரித்திரம் பலரும் அறிந்ததே. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி, முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்து மிதித்தார்கள்.

அந்த மிதியில் தொடைத்தசைக்குள் நடப்பதுதான் விசேஷம். ரத்தத்திலுள்ள சர்க்கரை தசையின் உயிரணுவுக்குள் நுழைய வேண்டிய வாயில், குளூட்-4 என்னும் புரதம். ஓய்வு வேளையில் அது நுண்பைகளில் அடைபட்டு உள்ளேயே கிடக்கிறது. உணவுக்குப்பின் இன்சுலின் வந்து ஏவினால்தான் அப்பைகள் மேலெழுந்து உயிரணுவின் சுவரோடு கலக்கும். நம் கண்மாய்களின் குமிழி மடையை எண்ணிப்பாருங்கள்: நீர் நிறைந்திருந்தாலும் ஆள் இறங்கி அடைகல்லைத் தூக்கினால்தான் வயலுக்குப் பாய்ச்சல். இன்சுலின் அந்த ஆள். வியாதி கண்ட சரீரத்திலோ கல் இறுகிவிடுகிறது, ஒருவருக்கு நால்வர் இறங்கியும் அசைவதில்லை. அப்போது பயிரே எழுந்து வந்து வேறொரு மடையைத் தானாகத் திறந்துகொண்டால் எப்படியிருக்கும்! தசை சுருங்கும்போது நடப்பது அதுவேதான். உள்ளே கால்சியம் பெருகுவதும் எரிசக்தி குறைவதும் சமிக்ஞைகளாகி, இன்சுலினைக் கேளாமலே வாயில்களை மேலே அனுப்புகின்றன. மிதித்து முடித்தபின்னும் ஓரிரு நாள் வரை இறுகிய கல் சற்றே இளகியிருப்பதால், இன்சுலினும் குறைந்த பிரயாசையில் தன் வேலையைச் செய்கிறது.

பிராயத்தோடு மாறுவது வயலின் பரப்பு. இளமையில் நிறைந்திருந்த தசை நாற்பதுக்குமேல் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு வயிற்றுக் கொழுப்பு சேர்ந்து இன்சுலினின் ஏவல் தளர்கிறது. முதுமையில் தசைத் தேய்வு துரிதமாகிறது. தசை தானே திறக்கும் இரண்டாவது மடையோ பெரும்பாலும் பழுதுபடாமல் நிற்கிறது.

சைக்கிளை மட்டும் நம்பவும் கூடாது. உடற்பாரத்தை இருக்கையே தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேண்டிய சுமை அதில் கிட்டாது. ஆகையால் நடையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பலமுறை எழுந்து அமர்வதும் சேர வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, 65 வயதுக்குமேல் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்சுலின் ஊசியோ, கணையத்தைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரு மடைகளும் ஒருசேரத் திறந்து சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். அந்த அம்மாள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு, ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைக் கூடையில் போட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும்.